பழகாத குதிரைக்குட்டியை அடிக்காமல் பழக்குவது எப்படி? பாலக்காட்டு எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குட்டி வாங்கி, கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்கோ சித்தூருக்கோ கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் பலருக்கும் கேள்வியே தொடங்குகிறது: இதன் பக்கத்தில் எப்படிப் போவது? விற்றவர் போய்விட்டார். தரகர் போன் எடுக்கமாட்டார். மாடு கண்ட கைக்குக் குதிரை புதிது. சுற்றி நிற்கும் பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள்; அதில் எட்டு யோசனை அடிப்பது, கட்டுவது, பட்டினி போடுவது.

நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது சவாரி கற்றுக்கொடுக்கும் கட்டுரை அல்ல. குட்டியின் மேல் ஏறுவதற்கு முன்னால், தரையில் நின்றபடியே அதற்கு உங்கள்மேல் நம்பிக்கை வரவைப்பது மட்டும்தான் இதில் இருக்கிறது. காகிதம், செலவு, எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

1. வாங்கும்போதே வயதைப் பாருங்கள்

"மூன்று வயசுங்க, இன்னைக்கே ஏறலாம்" என்பார்கள். வாயைத் திறந்து பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டும் பால் பல்லிலிருந்து நிரந்தரப் பல்லாக மாறுவது சுமார் இரண்டரை வயதில். அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். பால் பல் சிறிதாக, வெள்ளையாக, அடியில் குறுகி இருக்கும். நிரந்தரப் பல் அகலமாக, லேசான மஞ்சளில் இருக்கும். முன்னால் எல்லாமே பால் பல் என்றால் அது இரண்டரையைத் தொடவில்லை, யார் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

மயிர்ச் சுழிக்கும், நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருக்கும் பஞ்சகல்யாணிக்கும் விலையை ஏற்றிச் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். என்னைக் கேட்டால், நெற்றிச் சுட்டியும் சுழியும் கால் வெள்ளையும் குட்டியை அடையாளம் காணத்தான் உதவும், ரசீதில் எழுத. அதைவிட, பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் வந்தால் பயந்து விலகிவிட்டு, கொஞ்ச நேரத்தில் காதை முன்னால் நீட்டி மறுபடி எட்டிப் பார்க்கிற குட்டியை வாங்கலாம். பயம் இருப்பதில் தவறில்லை, பயத்தோடு ஆர்வமும் இருக்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டு எதற்கும் அசையாமல் நிற்கிற குட்டியைச் "சாது" என்று சொல்லி விற்பார்கள். அது பெரும்பாலும் நோயாளி, அல்லது அடி வாங்கிச் சோர்ந்தது.

2. எல்லை தாண்டும் காகிதங்கள்

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த வழியாக வந்தாலும் கையில் இருக்க வேண்டியவை:

முதலாவது, கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று. குட்டி பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளே இதைக் கேட்கின்றன. புறப்படும் அன்றோ முந்தைய நாளோ வாங்குங்கள். பழைய தேதிச் சான்றை நீட்டி வாதாடுவது நேர விரயம். சான்றில் நிறம், வயது, அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். "குதிரை - 1" என்று மட்டும் எழுதிய சான்று இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இரண்டாவது, விற்பனை ரசீது. விற்றவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் நகல், தொகை, தேதி, குட்டியின் அடையாளங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, விற்றவர் குட்டியோடு நிற்கும் படம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குட்டி வாங்கிக் கொடுத்த தரகர், "சந்தையில் ரசீது எல்லாம் யாரும் கேட்கமாட்டாங்க தம்பி" என்றார். சந்தையில் யாரும் கேட்கவில்லைதான். சோதனைச்சாவடியில் முதல் கேள்வியே அதுதான். அங்கே உள்ளவர்கள் தினமும் பார்ப்பது மாட்டு வண்டிகளை. குதிரை என்றதும் இரண்டு முறை பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வந்து சேரும்படி புறப்பட்டால் பாதித் தொல்லை குறையும். கட்டணம் ஏதாவது கட்டினால் ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை. மூக்கில் கெட்டியான சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள், அவை உடைந்து புண் என்று வரும் நோய் இது. மனிதருக்கும் தொற்றும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழி கிடையாது. நாட்டில் இதற்கான தலைமை ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். சந்தையில் வாங்கும்போது முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்பது உண்மை. அதனால் வீட்டுக்கு வந்ததும் உள்ளூர் மிருகாசுபத்திரியில் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை வேறு குதிரை பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் வாளி தனி. குட்டியின் மூக்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வண்டி விஷயம்: மேலே சொன்ன 1978 விதிகளில் குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. ஓட்டுநரிடம் வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். பிறகு சொன்னால் கூடுதல் காசு கேட்பார். பக்கவாட்டில் வைக்கோல் மூட்டை அல்லது பழைய மெத்தை, தரையில் மணல் அல்லது சாக்கு. தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டாதீர்கள். அது படபடவென்று அடிக்கிற சத்தத்திலேயே குட்டி வழியெல்லாம் வியர்த்து நனைந்துவிடும்.

3. வருவதற்கு முன் தயார் செய்ய வேண்டியவை

பத்துக்குப் பன்னிரண்டு அடி கொட்டில், அதை ஒட்டி ஐம்பது அடி அகலத்துக்கு மூங்கில் அல்லது சவுக்குக் கம்பு அடைத்த வெளி. முள்கம்பி கூடவே கூடாது. பயந்த குட்டி கம்பியைப் பார்க்காது, அதன் வழியாகவே ஓடும். மூலைகள் வளைவாக இருந்தால் நல்லது. மூலையில் சிக்கிய குட்டிதான் உதைக்கும்.

தீவனத்தில் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பால் மாட்டுக்குப் போட்ட நேப்பியர் புல் எல்லார் தோட்டத்திலும் உண்டு. அதையே வெட்டி, கூடவே கோதுமைத் தவிடும் போட்டு வளர்க்கிறார்கள். நேப்பியரில் ஆக்ஸலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது இருக்கிற சுண்ணாம்பையும் பின்னுக்குத் தள்ளும். வளரும் குட்டிக்கு எலும்பு பலவீனமாகி முகம் வீங்கும், கால் நொண்டும். நேப்பியரை முழுத் தீவனமாக வைக்காமல், சோளத்தட்டை, காய்ந்த புல், வேலிமசால் என்று கலந்து கொடுங்கள். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதன் வயிற்றுவலி உயிரையே வாங்கும். விற்றவரிடம் அது தின்றுகொண்டிருந்த தீவனத்திலேயே ஒரு மூட்டை வாங்கி வந்துவிடுவது புத்திசாலித்தனம். கடையில் விற்கும் மாட்டுத்தீவனம் வேண்டாம். அதில் மொனென்சின் என்ற மருந்து சேர்த்திருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, குதிரை செத்துவிடும்.

துணைக்கு ஓர் ஆடு கட்டுங்கள். சிரிக்காதீர்கள். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியே விட்டால் ராத்திரி முழுக்கக் கனைத்துக்கொண்டு சுற்றும். ஒரு வெள்ளாடு பக்கத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தாலே பாதி அமைதி வந்துவிடும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தீவனம், உப்புக்கட்டி, குடற்புழு மருந்து, குளம்பு சீவுவது எல்லாம் சேர்த்து ஒரு குட்டிக்கு என் கையிலிருந்து மாதம் ஏழெட்டாயிரம் போகிறது. சொந்தத்தில் புல் இருந்தால் குறையும், கோடையில் தட்டை விலை ஏறினால் கூடும். குட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஆறு மாதத் தீவனத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் விலை பேச வேண்டும்.

தடுப்பூசியில் முதலில் டெட்டனஸ். குதிரைக்கு இந்த நோய் மற்றப் பிராணிகளைவிட மிக எளிதில் வரும். நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. நீங்களும் ஒரு டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தெருநாய் உலவும் தோட்டத்தில் அது அவசியம்.

4. முதல் இரண்டு வாரம்: ஒன்றும் செய்யாதீர்கள்

கஷ்டமான படி இதுதான். பணம் கொடுத்து வாங்கியாயிற்று, ஊரே பார்க்க வருகிறது, பிள்ளைகள் தொடத் துடிக்கிறார்கள். எல்லாரையும் வேலிக்கு வெளியே நிறுத்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரே நேரத்தில், ஒரே வழியாகப் போய், தீவனத்தையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, ஓர் ஓரத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்காருவது. குட்டியை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். போன் பார்க்கலாம், மிளகாய்க் காம்பு கிள்ளலாம், பாட்டு முணுமுணுக்கலாம். உங்கள் குரலும் வாசனையும் வந்தால் கெட்டது எதுவும் நடக்காது என்பதை அது தானாகக் கண்டுகொள்ள வேண்டும்.

இந்த நாட்களில் அதன் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, நாடி 28 முதல் 44 என்பது வளர்ந்த குதிரைக்குக் கணக்கு. குட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு காது உங்கள் பக்கம், ஒரு காது தீவனத்தின் பக்கம் இருந்தால் நிம்மதி. இரண்டும் பின்னால் படிந்து, மூக்கோரம் சுருங்கினால் எரிச்சல். கீழ்த்தாடை கல் மாதிரி இறுகி, கண்ணில் வெள்ளை தெரிந்தால் பயம். பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வெடுத்தால் அன்றைக்கு நீங்கள் வெற்றி.

இந்த இடத்தில்தான் உள்ளூர் அனுபவசாலிகள் வருவார்கள். "கம்பத்துல கட்டிப் போடுங்க, ரெண்டு நாள் பட்டினி கெடந்தா தானா காலடிக்கு வரும்" என்று எனக்கும் ஒரு பெரியவர் சொன்னார். அப்படிக் கட்டிய குட்டி பின்னால் சாய்ந்து இழுத்து, கழுத்துப் பிசகி, படுத்தே கிடந்ததை நான் வேறொரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பட்டினி போட்டால் அது வருவது தீவனத்துக்காக. உங்கள்மேல் நம்பிக்கை வந்தா வருகிறது?

5. முதல் தொடுதல்

எப்போது ஆரம்பிப்பது? நீங்கள் வாளிமேல் உட்கார்ந்திருக்கும்போது குட்டி தானாக வந்து உங்கள் முதுகையோ தொப்பியையோ மோந்து பார்த்த பிறகு. சில குட்டிகள் நான்கு நாளில் வரும், சில ஒரு மாதம் ஆக்கும். அவசரமில்லை.

காலை வெயில் ஏறுவதற்கு முன், பதினைந்து இருபது நிமிடம் போதும். மதியம் வேண்டாம். குட்டி ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை தெரியும். தெரியாத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். அதனால் முகத்துக்கு நேராகவும் போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். தோளை நோக்கி, சற்றே வளைந்த பாதையில், தோள்களைத் தளர்த்தி நடங்கள்.

ஓரிடத்தில் அது தலையைத் தூக்கும், அல்லது காதை உங்கள்மேல் திருப்பி அசையாமல் நிற்கும். அதுதான் அன்றைய எல்லைக்கோடு. அங்கேயே நில்லுங்கள். இன்னும் ஓர் அடி வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். அது பெருமூச்சு விடும், அல்லது தலையை ஓர் அங்குலம் இறக்கும், அல்லது வாயை மெல்லும். அந்த நொடியில் திரும்பி, முதுகைக் காட்டி, நடந்து போய்விடுங்கள்.

இந்த விலகல்தான் முழு வித்தையும். மாட்டுக்கு வைக்கோல் எப்படியோ, பயந்த குதிரைக்கு நீங்கள் விலகுவது அப்படி: அதுதான் அதற்குக் கிடைக்கும் கூலி. "நான் அமைதியாக நின்றால் இந்த ஆள் போய்விடுகிறார்" என்று அது புரிந்துகொண்டதும், நீங்கள் வருவது ஆபத்தாகத் தோன்றுவது நின்றுவிடும். அடுத்த தடவை கோடு ஓர் அடி உள்ளே தள்ளியிருக்கும்.

நீங்கள் போகும்போது குட்டி விலகி ஓடினால்? துரத்தாதீர்கள், அங்கேயே விட்டுவிட்டும் வராதீர்கள். அதே தூரத்தில், அதே வேகத்தில் கூடவே நடங்கள். அது நிற்கும். நின்ற கணத்தில் நீங்கள் இரண்டடி பின்னால் வாருங்கள். ஓடும்போது விலகினால் ஓடக் கற்றுக்கொடுக்கிறீர்கள், நிற்கும்போது விலகினால் நிற்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "முரட்டுக் குதிரை" என்று பேர் வைத்தவர்கள் நிறையப் பேர்.

கை எட்டும் தூரம் வந்ததும், புறங்கையால் தோளைத் தொடுங்கள். முதல்முறை தோல் சிலிர்க்கும், ஈ உட்கார்ந்ததைப் போல் அந்த இடம் மட்டும் துடிக்கும். கையை வைத்தபடியே ஒரு மூச்சு. துடிப்பு அடங்கியதும் எடுத்துவிடுங்கள், அது நகர்வதற்குள். பிறகு பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. சரியான இடத்தில் விரல் பட்டால் மேலுதடு நீண்டு நடுங்க ஆரம்பிக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். முகத்தைத் தட்டிக் கொடுப்பதும், முதுகில் "சபாஷ்" என்று அறைவதும் அதற்குப் பிடிக்காது.

வாயை மெல்லுவதைப் பற்றி ஒரு வார்த்தை. "நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பதற்றத்தில் வாய் உலர்ந்திருந்தது, இப்போது இறுக்கம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி மெல்லுகிறது என்றால் அடிக்கடி பதறுகிறது என்றும் அர்த்தம்.

இடது பக்கம் பழகிவிட்டால் வலது பக்கமும் பழகியதாக நினைக்காதீர்கள். மறுபக்கம் போய் முதலிலிருந்து தொடங்குங்கள். வெல்லத்தையும் காரட்டையும் கையில் வைத்துக் கொடுக்காதீர்கள், குறிப்பாக ஆண்குட்டிக்கு. ஒரு வாரத்தில் சட்டைப்பையைக் கடிக்கும், ஒரு மாதத்தில் கையை. கொடுப்பதானால் வாளியில் போடுங்கள்.

6. தலைக்கயிறு

சந்தையிலிருந்து வரும்போதே இறுக்கமான நைலான் கயிறு முகத்தில் இருக்கலாம். வளரும் முகம், கயிறு தோலுக்குள் பதிந்துவிடும். தொட விட்டதும் முதல் வேலை அதைத் தளர்த்துவது. புண் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புதிய தலைக்கயிறை முதலில் தோளில் தேய்த்து, கழுத்தில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பழக்குங்கள். பிறகு மூக்கு வளையம், கடைசியாகக் காதுக்குப் பின்னால் கட்டுவது. ஐந்து நிமிடம் போதும், கழற்றிவிடுங்கள். ஆள் இல்லாதபோது தலைக்கயிறு முகத்தில் இருக்கவே கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் கால் ஒடியும்வரை இழுக்கும்.

பிடிகயிறு பன்னிரண்டு அடி, கட்டைவிரல் கனத்துக்குப் பருத்தி. நைலான் கையை அறுக்கும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். ரப்பர் செருப்போடு உள்ளே போகாதீர்கள். குளம்பு விரல்மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கயிறுக்கு இணங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, கயிற்றை மெல்ல உங்கள் பக்கம் இழுத்து அப்படியே பிடித்திருங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது பின்னால் சாயும், தலையை ஆட்டும், கடைசியில் எடையை ஓர் அங்குலம் உங்கள் பக்கம் மாற்றும். கால் நகர வேண்டியதுகூட இல்லை. எடை மாறியதுமே கயிறு தளர வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் பாடம் வீண். இது நன்றாக வரும்வரை கம்பத்தில் கட்டுவது கிடையாது. கட்டினாலும் குட்டியின் முதுகு உயரத்துக்கு மேலே, ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சாக.

7. நடத்துவது, நிறுத்துவது, பின்னால் போகச் சொல்வது

முன்னால் நின்று இழுக்காதீர்கள். தோளோடு தோளாக நில்லுங்கள். நான்கடி நடை, நிறுத்தம், சொறிதல், மறுபடி நடை.

பின்னால் போகச் சொல்வதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மார்பில் விரல் நுனியை வைத்து லேசாக அழுத்தி, ஓர் அடி பின்னால் வைத்ததும் எடுத்துவிடுங்கள். அதேபோல் விலாவுக்குப் பின்னால் அழுத்தி, பின்சப்பையை அந்தப் பக்கம் ஒதுங்கச் சொல்லுங்கள். பின்பாகம் ஒதுங்கப் பழகிய குட்டி உங்களை உதைக்கும் கோணத்தில் நிற்காது. உங்களைச் சுற்றி ஒரு கை நீளம் உங்கள் இடம். செல்லம் என்று மேலே சாய விட்டால் இன்றைக்கு நன்றாக இருக்கும். முந்நூறு கிலோ ஆனபின் சாய்ந்தால் விலா எலும்பு தாங்காது.

நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவது இந்த வயதுக்கு வேண்டாம். சிறிய வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் வளரும் மூட்டு கெடும்.

8. கால் தூக்குவது

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். ஆள் வரும் நாளில் கால் தூக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. தோளிலிருந்து கணுக்கால்வரை கையால் வருடி இறங்கி, மேலே வாருங்கள். சில நாள் இது மட்டும். பிறகு கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, ஒரு மூச்சு நேரம், கீழே வையுங்கள். கீழே போடாதீர்கள், நீங்களே வையுங்கள். பின்னங்காலுக்கு உடம்போடு ஒட்டி, வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். தள்ளி நின்றால்தான் உதை பலமாக விழும்.

வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். பிளவுபட்ட குளம்பு வேறு, ஒற்றைக் குளம்பு வேறு. கோவை, பொள்ளாச்சி பக்கம் சவாரிப் பள்ளிகளுக்கு வரும் ஆளை விசாரித்து, இரண்டு மூன்று குதிரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் பயணச் செலவு பங்காகும். குட்டிக்கு லாடம் தேவையில்லை, சீவினால் போதும்.

9. காற்று, பனையோலை, வெடி

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் குட்டி வளர்ப்பது தனிப் பாடம். மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று அடிக்கும்போது பனையோலைகள் விடாமல் சலசலக்கும், காய்ந்த மட்டை தடாலென்று விழும். காற்றில் குட்டிக்கு வாசனையும் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது, அதனால் எல்லாவற்றுக்கும் துள்ளும். அப்படிப்பட்ட நாளில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தெரிந்ததை இரண்டு நிமிடம் செய்துவிட்டு முடியுங்கள்.

பிளாஸ்டிக் பை, சாக்கு, குடை எதுவானாலும் குட்டியை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள். குச்சியில் கட்டி, அதைவிட்டு விலகி இழுத்துக்கொண்டு நடங்கள். ஓடிப்போகும் பொருளைக் குட்டி பின்தொடர்ந்து வந்து மோந்து பார்க்கும். கட்டிப் போட்டுவிட்டு உடம்பெல்லாம் சாக்கை உதறுவதைப் பழக்குதல் என்று சொல்லிச் செய்கிறார்கள். அது முடிந்தபின் குட்டி அசையாமல் நிற்கும், ஆனால் அந்த நிலையில் அது எதையும் கற்றுக்கொள்வதில்லை.

மாசியிலிருந்து சித்திரைவரை ஊருக்கு ஊர் திருவிழா. வெடி, செண்டைமேளம், யானை. உங்கள் ஊர்த் தேதிகளை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிட்டு, அன்று மாலையில் குட்டியை ஆட்டோடு உள்ளே விட்டு, வாசலில் ரேடியோ பாடவிடுங்கள். பஸ் ஏர்ஹாரனுக்குப் பழக்க, சாலையிலிருந்து ஒரு தென்னந்தோப்புத் தூரத்தில் மேயவிட்டுத் தொடங்கலாம்.

10. மேலே ஏறுவது, கடிவாளம், வாடகைக் கேள்விகள்

மூன்று வயது முடிவதற்குமுன் யாரையும் ஏற்றாதீர்கள், பத்து வயதுப் பையனாக இருந்தாலும். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதைத் தாண்டியும் நடக்கிறது. பிறகும் ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

முள் வைத்த கடிவாளத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. மெதுவாகப் பழக்கிய குட்டியின் வாய் ஒரு தடவை கிழிந்தால் அத்தனை மாத வேலையும் போயிற்று.

சித்தூர் பக்கத்துத் தத்தமங்கலத்தில் நடக்கும் அங்காடி வேலா திருவிழாவின் குதிரையோட்டத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் உங்களுதையும் விடலாமே" என்று கேட்பார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகையும் கேட்பார்கள். காட்சிக்கோ சினிமாவுக்கோ பயன்படுத்தும் விலங்குக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

11. எப்போது உதவி கேட்பது

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குட்டி திடீரென்று கடித்தால், தொட விடாவிட்டால், முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள்: பல், குளம்பு, வயிறு. உருண்டு புரண்டால், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், சாணி போடாவிட்டால் உடனே மருத்துவர், தீவனத்தை எடுத்துவிடுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். பெரிய சிகிச்சைக்குத் திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும்போதும் ரசீதும் பழைய சான்றுகளும் கையில் இருக்கட்டும்.

வலி எதுவும் இல்லாமல், முன்னங்காலைத் தூக்கி ஆளை அடிக்க வரும் குட்டியை வைத்துக்கொண்டு வீரம் காட்டாதீர்கள். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் அவர் வேறொரு குட்டியோடு வேலை செய்வதை அரை மணி நேரம் நின்று பாருங்கள். சவுக்கை எடுத்தாரா என்று பார்ப்பதைவிட, கயிற்றை எப்போது தளர்த்துகிறார் என்று பாருங்கள்.

ஆண்குட்டியை இனவிருத்திக்கு வைக்கப்போவதில்லை என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் காயடித்துவிடுவது நல்லது. அதற்குமுன் டெட்டனஸ் ஊசி இரண்டும் முடிந்திருக்க வேண்டும். ஈ குறைந்த மார்கழி, தைதான் ஏற்ற காலம். மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு நாள் வாங்குங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்து.